வறுமை வேறு, நலிவு வேறு

(ரமளானுக்கு முந்தைய குடும்பக் கணக்கெடுப்பை முன்னிட்டு நமது அறக்கட்டளை நடத்திய தொண்டர் பயிற்சிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கணக்கெடுப்புப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லத்தான் எங்களை அழைத்தார்கள். அதற்கு முன் இரண்டு சொற்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். ஒன்று வறுமை. மற்றொன்று நலிவு. ஆங்கிலத்தில் 'பாவர்ட்டி' என்றும் 'வல்னரபிலிட்டி' என்றும் சொல்கிறார்கள். கல்லூரியில் பொருளாதாரம் படித்த நாட்களில் முதல் சொல்லை எங்களுக்கு நிறையவே கற்றுக் கொடுத்தார்கள். இரண்டாவது சொல்லை இந்த அறக்கட்டளையின் வேலையில்தான் கற்றோம். அதுவும் ஒரு தவறு செய்த பிறகு. அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறோம்.

பட்டியலில் இல்லாத வீடு

யாரென்று தெரியாதிருக்க இரண்டொரு விவரங்களை மாற்றிச் சொல்கிறோம். நம் முஹல்லாவில் ஒரு சகோதரர் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டி வந்தார். வண்டி பைனான்ஸில் எடுத்தது. அவருடைய மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்தார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஓட்டு வீடு, சொந்த வீடு. கணக்கெடுக்கப் போன தொண்டர்கள், "வண்டி உண்டு, வீடு உண்டு, மாத வருமானம் 18,000 ரூபாய்க்கு மேல்" என்று எழுதி, "வசதியுள்ள குடும்பம்" என்று குறித்தார்கள். எழுதியதில் பொய் ஏதும் இல்லை. அந்த வருடம் ஃபித்ரா கொடுத்தவர்களின் பட்டியலில்கூட அவர் பெயர் இருந்தது.

சில மாதங்கள் கழித்து விபத்தில் அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. நான்கு மாதம் படுக்கை. வண்டித் தவணை மூன்று நின்றதும் அந்தச் சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்தார். இனாமாக எதுவும் கேட்கவில்லை. 25,000 ரூபாய் கடனாகக் கேட்டார். தவணையைக் கட்டிவிட்டால் வண்டி நிற்கும், கால் சரியானதும் அவர் ஓட்டித் திருப்பித் தந்துவிடுவார் என்றார். பட்டியலில் பெயர் இல்லாத குடும்பத்துக்கு உதவ விதியில் இடமில்லை என்று சொல்லி அனுப்பினோம். அவர் வாதாடவில்லை. ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு வண்டியைத் தூக்கிப் போனார்கள். நகை அடகுக்குப் போனது. மீட்டர் வட்டிக்கு வாங்கினார்கள். தையல் இயந்திரத்தை விற்றார்கள். மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போனாள். அடுத்த கணக்கெடுப்பில் அந்தக் குடும்பம் எல்லாத் தகுதிகளோடும் நம் பட்டியலில் ஏறியது. மாதம் 2,000 ரூபாய் மளிகை என்று 14 மாதங்களில் 28,000 ரூபாய் கொடுத்துவிட்டோம். கடனாகக் கேட்ட தொகையைவிட அதிகம். ஆனால் வண்டி திரும்பவில்லை. மகளும் கல்லூரிக்குத் திரும்பவில்லை.

அந்த விதியை எழுதியது வேறு யாருமல்ல, நாங்கள்தான். ஏன் அப்படி எழுதினோம்? எங்களிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. வறுமை என்ற அந்த ஒரு சொல்லை வைத்து ஊரையே அளந்தோம்.

வறுமை என்பது என்ன?

இல்லாமைதான் வறுமை. உணவு, உடை, உறைவிடம், மருந்து, கல்வி ஆகியவற்றுக்குத் தேவையானது இன்றைக்குக் கையில் இல்லாத நிலை. இதை அளக்க ஒரு கோடு போடுகிறார்கள். நம் நாட்டில் இந்த முயற்சியை முதலில் செய்தவர் தாதாபாய் நௌரோஜி. ஒரு மனிதன் உயிரோடும் உடல் வலுவோடும் இருக்க ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் வரை தேவை என்று 1867-68ஆம் ஆண்டு விலைவாசியில் அவர் கணக்கிட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகு பல குழுக்கள் பல கோடுகளைப் போட்டன. 2011-12ஆம் ஆண்டுக்கு டெண்டுல்கர் குழுவின் முறைப்படி கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய். அந்தக் கணக்கில் நாட்டில் 21.9 சதவீதம் பேர் ஏழைகள். அதே ஆண்டுக்கு ரங்கராஜன் குழு போட்ட கோடு கிராமத்தில் 972 ரூபாய், நகரத்தில் 1,407 ரூபாய். ஏழைகள் 29.5 சதவீதமாகிவிட்டார்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சுமார் 9 கோடி மக்கள். ஒரு குழுவின் கணக்கில் அவர்கள் ஏழைகள், மற்றொரு குழுவின் கணக்கில் ஏழைகள் இல்லை. அவர்களுடைய சோற்றுப் பானையில் எந்த மாற்றமும் நடக்கவில்லை.

கோடு கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கோடு இல்லாமல் பட்டியல் இல்லை, பட்டியல் இல்லாமல் நீதியான விநியோகம் இல்லை. ஆனால் கோடு என்பது புகைப்படம் மாதிரி. கணக்கெடுக்கும் அன்று அந்த வீடு எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும். நாளைக்கு எங்கே போய் விழும் என்பதைக் காட்டாது.

நலிவு என்பது என்ன?

நாளைக்கு விழக்கூடிய நிலையைத்தான் நலிவு என்கிறோம். 1989ஆம் ஆண்டு ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். நலிவு வறுமைக்கு இன்னொரு பெயர் இல்லை என்பது அவர் வாதம். வறுமையில் இருப்பது இல்லாமை. நலிவில் இருப்பது பாதுகாப்பின்மை. அதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு என்றார். வெளிப்பக்கம், வந்து தாக்கும் ஆபத்துகள்: நோய், விபத்து, புயல், வேலை இழப்பு. உட்பக்கம், அந்த அடியைப் பெரிய இழப்பில்லாமல் தாங்கிக்கொள்ள வழியில்லாத நிலை. சேமிப்பு இல்லை, காப்பீடு இல்லை, கைகொடுக்க ஆளில்லை.

2018 நவம்பர் 16ஆம் தேதியை டெல்டாக்காரர்கள் மறக்க மாட்டார்கள். கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை வட்டாரங்களில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர்கள் முந்தின நாள் மாலை வரை எந்தக் கோட்டின்படியும் ஏழைகள் இல்லை. விடிந்தபோது மரங்கள் சாய்ந்து கிடந்தன. நெல் என்றால் அடுத்த போகத்தில் பார்க்கலாம். புதிதாக வைக்கும் தென்னம்பிள்ளை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். குடும்பத்தின் முழு வருமானமும் ஒரே பயிரில் நின்றதுதான் அவர்களுடைய நலிவு. காற்று அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை

நான்கு வீடுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வீட்டில் தாய் பீடி சுற்றுகிறார். ஒரு மகன் கடையில், இன்னொருவன் கொத்தனாருக்குச் சித்தாள். வருமானம் குறைவு. ஆனால் மூன்று பேர் சம்பாதிக்கிறார்கள், கடன் கிடையாது, தாய்மாமன்கள் அதே தெருவில். இது வறுமையுள்ள வீடு. ஆனாலும் ஓர் அடியைத் தாங்கும்.

இரண்டாவது வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். மாடி வீடு, கிரானைட் தரை. வீடு கட்டியது கடனில். சம்பாதிப்பவர் ஒருவர். அவருக்கு அங்கே வேலை போனால் மூன்றாம் மாதம் இங்கே தவணை நிற்கும். வறுமை இல்லை, நலிவு நிறைய.

மூன்றாவது வீட்டில் இரண்டும் உண்டு. தனியாக இருக்கும் முதியவர், அன்றாடக் கூலி, மூச்சிரைப்பு.

நான்காவது வீட்டில் இரண்டும் இல்லை. இங்கே மேடையில் உட்கார்ந்திருக்கும் எங்களில் பலர் அந்த வகை. அதனால்தான் மற்ற மூன்றும் எங்களுக்கு ஒரே மாதிரி தெரிகின்றன.

ஒன்றைக் குறைக்கப்போய் மற்றொன்றைக் கூட்டுவதும் நடக்கும். சேம்பர்ஸும் இதைச் சொல்கிறார். கடன் வாங்கி முதல் போட்டால் வறுமை குறையலாம், ஆனால் அந்தக் கடனே குடும்பத்தின் நலிவைக் கூட்டிவிடும். வாரத் தவணைக் குழுக்கடனில் மாடு வாங்கியவர், மாடு செத்த பிறகும் தவணை கட்டிக்கொண்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஏழைகள் என்பது நிரந்தரக் கூட்டமா?

'ஏழைகள்' என்று ஒரு கூட்டம் நிரந்தரமாக இருப்பதாகவும், அவர்களைக் கண்டுபிடித்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைத்திருந்தோம். அது சரியில்லை. இங்கிலாந்தில் ரவுண்ட்ரீ என்பவர் 1899ஆம் ஆண்டு யார்க் நகரத்தின் உழைக்கும் குடும்பங்களை வீடு வீடாக ஆராய்ந்தார். ஒரே தொழிலாளி தன் வாழ்நாளில் மூன்று முறை வறுமைக்குள் போகிறார் என்று கண்டார். சிறுவயதில் ஒரு முறை, கைக்குழந்தைகள் உள்ள காலத்தில் ஒரு முறை, முதுமையில் ஒரு முறை. நடுவில் தலை நிமிர்ந்த காலங்களும் உண்டு.

நம் காலத்தில் அனிருத் கிருஷ்ணா என்ற ஆய்வாளர் இந்தியா உட்படப் பல நாடுகளில் சுமார் 35,000 குடும்பங்களின் வரலாற்றைத் திரட்டினார். ஒரே ஊரில், ஒரே காலத்தில் சில குடும்பங்கள் வறுமையிலிருந்து ஏறுகின்றன, வேறு சில குடும்பங்கள் வறுமைக்குள் இறங்குகின்றன. இறங்குவதற்குப் பெரும்பாலான இடங்களில் முதல் காரணம் நோயும் அதற்கான செலவும். ஒரு பக்கம் நாம் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறோம், மறுபக்கம் ஓட்டை வழியாக வந்துகொண்டே இருக்கிறது.

அரசாங்கக் கணக்கிலும் இந்தச் சொல் வந்திருக்கிறது. அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான ஆணையம் 2007ஆம் ஆண்டு தந்த அறிக்கை ஏழைகளோடு நிற்கவில்லை. கோட்டுக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருப்பவர்களையும் நலிந்தோர் என்று சேர்த்துக் கணக்கிட்டது. நாட்டில் 77 சதவீதம் பேர், அதாவது 83.6 கோடி மக்கள், ஏழைகள் அல்லது நலிந்தோர் என்றது.

தமிழ்நாட்டு ரேஷன் கடையையும் இங்கே சொல்ல வேண்டும். 1997இல் மத்திய அரசு ஏழைகளை இலக்காகக் கொண்டு பொது விநியோகத்தை மாற்றியபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையைக் கைவிடவில்லை. நேற்று விழுந்த குடும்பம் தன் வறுமையை யாரிடமும் நிரூபிக்காமலே அரிசி வாங்க முடிகிறது. நாம் சொன்ன அந்த வீட்டில் அடுப்பு அணையாமல் இருந்ததற்கு அந்த அரிசியே காரணம், நம் பட்டியல் இல்லை.

நம் மரபில் இந்த வேறுபாடு

இதெல்லாம் புதிய படிப்பு என்று நினைக்க வேண்டாம். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைக் குர்ஆன் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் வரிசைப்படுத்துகிறது. அதில் ஃபக்கீர், மிஸ்கீன் என்று இரண்டு சொற்கள் தனித்தனியாக வருகின்றன. இருவரில் யார் அதிகம் இல்லாதவர் என்பதில் மத்ஹபுகளுக்கு இடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபில் ஃபக்கீரின் நிலை மோசமானது. உள்நாட்டு ஊர்களில் பரவலாக உள்ள ஹனஃபி மத்ஹபில் மிஸ்கீனின் நிலை மோசமானது. மதரஸாவில் இதை மனப்பாடம் செய்தோம். ஷாஃபி அறிஞர்கள் காட்டும் ஆதாரத்தின் ஆழம் அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

அந்த ஆதாரம் கஹ்ஃபு அத்தியாயத்தில் உள்ள படகு. மூஸா (அலை) அவர்களும் ஹிள்ர் (அலை) அவர்களும் ஏறிச் சென்ற படகின் உரிமையாளர்களை, கடலில் உழைக்கும் மிஸ்கீன்கள் என்று குர்ஆன் சொல்கிறது. அவர்களிடம் படகு இருந்தது. நம் படிவத்தில் எழுதினால் 'வாகனம் உண்டு, வசதியுள்ள குடும்பம்' என்று வந்திருக்கும். ஆனால் நல்ல படகுகளையெல்லாம் பறிக்கும் ஓர் அரசன் முன்னால் இருந்தான். படகில் ஒரு பழுதை உண்டாக்கி, அது பறிபோகாமல் காத்தார் ஹிள்ர் (அலை). அந்த உதவி படகு இருக்கும்போதே வந்தது, போன பிறகு வரவில்லை.

அதே எட்டு வகையில் கடன்பட்டோரும் வழிப்போக்கரும் இருக்கிறார்கள். வழிப்போக்கர் சொந்த ஊரில் செல்வந்தராகக்கூட இருக்கலாம். நடுவழியில் கையில் எதுவும் இல்லாமல் நிற்கும் அந்த நேரத்தில் அவருக்கு உரிமை உண்டு. இவர் என்றைக்கும் ஏழையா என்ற கேள்வியைவிட, இப்போது இவர் நிற்கும் இடம் எது என்ற கேள்வி அங்கே முன்னால் நிற்கிறது.

எல்லோருக்கும் கொடுக்க முடியுமா?

நிர்வாகக் குழுவில் இதைப் பேசியபோது ஒரு மூத்தவர் கேட்டார்: "நலிந்தவர் என்று பார்த்தால் ஊரில் பாதிப் பேர் வருவார்கள். பணத்துக்கு எங்கே போவது? உண்மையான ஏழையின் பங்கு அல்லவா குறையும்?" நியாயமான கேள்வி. எங்கள் பதில் இது. வறுமைப் பட்டியலில் ஒரு பெயரும் குறையாது, ஒரு ரூபாயும் குறையாது. நலிவுக்குத் தேவைப்படும் உதவியே வேறு. வறுமைக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும். நலிவுக்குச் சரியான நாளில் ஒரு முறை கைகொடுத்தால் பெரும்பாலும் போதும். அதுவும் திரும்பி வரக்கூடிய கர்ளன் ஹஸனாவாக இருக்கலாம். சில வீடுகளுக்குப் பணமே தேவையில்லை, ஒரு மனுவை எழுதிக் கொடுத்தால் போதும்.

எனவே இவ்வருடம் ஸதகாவிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் தனியாக ஓர் அவசரக் கடன் நிதி தொடங்குகிறோம். ஜகாத் பணம் இதில் கலக்காது. வீட்டில் நகை உள்ள, ஆனால் கடனில் உள்ள ஒருவருக்கு ஜகாத் கொடுக்கலாமா என்பதை உலமாக்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டே முடிவு செய்வோம்.

நீங்கள் கேட்க வேண்டியவை

பழைய படிவத்தில் 'என்ன இருக்கிறது?' என்று மட்டும் இருந்தது. புதிய படிவத்தில் ஐந்து கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

1. வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள்? ஒருவரே என்றால் வட்டமிடுங்கள்.

2. அவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் செலவை எப்படிச் சமாளிப்பீர்கள்? சொல்லும் பதிலை அப்படியே எழுதுங்கள்.

3. கடன் எத்தனை இடத்தில்? வாரத் தவணையா, மாதத் தவணையா, தினசரி வட்டியா?

4. சர்க்கரை, சிறுநீரகம், இதயம் என்று தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர் உண்டா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா? ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுள்ள அட்டை அது. தகுதி இருந்தும் அட்டை எடுக்காத வீடுகள் உண்டு. தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

5. கடந்த ஒரு வருடத்தில் எதையாவது விற்றீர்களா, அடகு வைத்தீர்களா, பிள்ளையின் படிப்பை நிறுத்தினீர்களா? இது மிக முக்கியம். ஒரு வீடு சரிவதன் முதல் ஓசை இங்கேதான் கேட்கும். தையல் இயந்திரத்தை விற்ற வீடு அன்றைக்கு ஏழை இல்லை. அடுத்த வருடம் ஏழை.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கேட்காதீர்கள். பெண்கள் உள்ள வீட்டில் சகோதரிகள் உள்ளே போய் உட்கார்ந்து பேசுங்கள். நலிந்தவர்கள் பெரும்பாலும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். நேற்று வரை கொடுத்த கை அது. கேட்காமல் தம்மை மறைத்துக்கொள்வதால் விவரம் அறியாதவர்களுக்குச் செல்வந்தர்களாகத் தெரிபவர்களைப் பற்றிக் குர்ஆனே பகரா அத்தியாயத்தில் பேசுகிறது. அப்படி விவரம் அறியாதவர்களாக நாங்கள் ஒரு முறை இருந்துவிட்டோம்.

படிப்பை நிறுத்திய அந்த மகளைப் போன வாரம் பார்த்தோம். தொலைதூரக் கல்வியில் பட்டத்தை முடிக்க விருப்பமா என்று கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கான கட்டணம் பெரிய தொகை இல்லை. அவள் இழந்த வருடங்களின் கணக்கு வேறு. அதை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியாது.

படிவங்கள் அந்த மேசையில் இருக்கின்றன. தெருவுக்கு இரண்டு பேராகப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற முறை 'வசதியுள்ள குடும்பம்' என்று எழுதிய வீடுகளைத் தாண்டிப் போக வேண்டாம். இம்முறை அந்த வீடுகளிலிருந்தே தொடங்குங்கள்.